பூட்டு எங்கே தம்பி?

பழைய மகாபலிபுரம் சாலையில், பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் விற்கும் கம்பெனி ஒன்றில் சில வருடங்கள் குப்பை கொட்டினேன். வேன் பிடித்து வந்து இறங்கும் ஆசிரியர்களுக்கு எங்கள் சரக்கைச் சுற்றிக் காட்டுவது என் வேலை.

வருகிறவர்களில் தனியார் பள்ளித் தாளாளர் ஒரு ரகம். "பக்கத்து ஸ்கூல்ல எத்தனை வாங்குனாங்க? அதைவிட ரெண்டு கூடப் போடுங்க" என்பார், ஐந்து நிமிடத்தில் வியாபாரம் முடிந்துவிடும். இளம் கணினி ஆசிரியர் இன்னொரு ரகம். எங்களைவிட அவருக்கு விஷயம் தெரியும் என்பதால், பேச ஆரம்பிக்குமுன் டீ குடிக்க அழைத்துப் போய்விடுவோம். என் பிரியத்துக்குரியவர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்தான்.

அவரை வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். சட்டைப் பையில் திருத்துவதற்குச் சிவப்புப் பேனா, கையெழுத்துக்குப் பச்சை. கக்கத்தில் ரெக்சின் பை. கம்ப்யூட்டர் இருக்கும் அறை என்று தெரிந்ததும் செருப்பைக் கழற்றிவிடுவார். அவர் கழற்றினால் கூட வந்தவர்களும் கழற்றியாக வேண்டும். ஒரு நாள் வாசலில் இருபது ஜோடி கிடந்ததைப் பார்த்த எங்கள் மேலாளர், உள்ளே யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

தொடுதிரைப் பலகையில் நான் விரலை வைப்பேன். இதயம் விரியும், வால்வு திறந்து மூடும், ரத்தம் பாயும். மற்றவர்கள் "அடடா" என்பார்கள். நம்மவர் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்.

"தொட்டுப் பாருங்க சார்."

"பரவாயில்ல தம்பி, நீங்களே தொடுங்க."

பிறகு மெல்லப் பலகையின் பின்பக்கம் போவார். ஒயர்களை எண்ணுவார். சீரியல் நம்பரைத் தேடிப் பிடித்துப் பையிலிருந்த நோட்டில் குறித்துக்கொள்வார். பிராசஸர் என்ன, மெமரி எவ்வளவு என்றெல்லாம் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். அவருடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இதுக்குப் பூட்டு எங்கே தம்பி?"

அடுத்தது, "மவுஸ் தனி அயிட்டமா, மொத்தத்துல சேர்ந்ததா?"

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். 2015 வாக்கில் வந்த ஒருவர்தான் சாப்பாட்டு மேஜையில் எனக்குப் பாடம் எடுத்தார். பள்ளிக்குள் வரும் எதுவும் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறும். ஏறியது இறங்குவது லேசில்லை. ஓய்வு பெறும்போது ஒவ்வொன்றையும் எண்ணி ஒப்படைத்தால்தான் நிம்மதியாகப் பென்ஷன் வாங்கலாம். "பசங்க தொடலேன்னா பொருள் பத்திரமா இருக்கும் தம்பி. தொட்டா பசங்க படிப்பாங்க. எனக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கு" என்றார், சாம்பாரைப் பிசைந்தபடி.

அவர் முதன்முதலில் கம்ப்யூட்டரைப் பார்த்தது வேலைக்கு வந்த புதிதில். 1984-இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்றொரு திட்டம் போட்டு, பிரிட்டனில் தயாரான பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்களைச் சில பள்ளிகளுக்குக் கொடுத்தது. 32 கிலோபைட் நினைவகம்; இன்றைக்குச் செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவைக்கூட அதில் அடைக்க முடியாது. "பார்த்தேன்னா, உறையைத்தான் பார்த்தேன்" என்று திருத்தினார். ஆயுத பூஜையன்று மட்டும் உறையை எடுத்துச் சந்தனம், குங்குமம் வைப்பார்களாம். 2011-இல் பிளஸ் டூ மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வந்தபோது, வந்து இறங்கிய பெட்டிகளைக் கொடுத்து முடிக்கும்வரை இவர் வகுப்பறையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார். லேப்டாப்போடு இத்தனை இரவுகள் கழித்தவர் எங்கள் கம்பெனியிலேயே கிடையாது.

சாயங்காலம் எல்லோரும் வேனில் ஏறியாயிற்று. செருப்பு மாறிவிட்டது என்று சொல்லிக்கொண்டு அவர் மட்டும் திரும்பி வந்தார். நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அக்கம்பக்கம் பார்த்தார். பலகை முன் நின்று வலது கை ஆள்காட்டி விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு திரையில் வைத்து ஓர் இழு இழுத்தார். முப்பது வருடப் பழக்கம். விரலுக்கு வேறென்ன தெரியும்? அழகாக, அடிக்கோட்டுடன் கையெழுத்து விழுந்தது. நிறம்கூடப் பச்சை, நான்தான் காலையில் மாற்றி வைத்திருந்தேன்.

ஒரு நொடி சிறுபிள்ளை மாதிரி சிரித்தார். மறுநொடி முகம் வெளுத்து, கைக்குட்டையை எடுத்துத் திரையைத் தேய்க்க ஆரம்பித்தார். போகவில்லை.

"தம்பி, கையெழுத்துப் போட்டுட்டேனே. இது இப்ப என் பொறுப்புல வந்துடுமா?"