முறைப்படி எச்சரிக்கப்பட்டது

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி தண்ணீர் சென்னையின் அடையாற்றில் இறங்கியது. ஜாஃபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று வீடு வீடாகப் போய்த் தன் வருகையைத் தானே தெரிவித்தது. கரையோர மக்களை முறைப்படி எச்சரித்தோம் என்று அரசு பிறகு விளக்கம் கொடுத்தது. இருக்கலாம். முறை தெரியாத ஜனங்கள், பாயில் முதுகு நனைந்த பிறகுதான் விழித்துக்கொண்டார்கள்.

பேரிடர் மேலாண்மைக்கு 2005லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. ஆனால் அந்த வாரம் பேரிடரை மேலாண்மை செய்தவர்கள் ட்விட்டரில் கிடந்த சம்பளமில்லாத பிள்ளைகள். எந்தத் தெருவுக்குப் படகு வேண்டும், எந்த மண்டபத்தில் சோறு இருக்கிறது, யார் வீட்டு மாடியில் நாலு பேர் படுக்கலாம் என்று கூகுள் ஷீட்டில் எழுதினார்கள். போன் போட்டுச் சரிபார்த்தார்கள், பழைய தகவலை அடித்தார்கள். அடிப்பதுதான் பெரிய வேலை. கோட்டையில் எந்தக் கோப்பிலும் அது நடப்பதில்லை.

அதே போன்களில்தான் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற கதையும் ஓடியது. 250 சென்டிமீட்டர் மழை கொட்டப்போகிறது என்று நாசா சொன்னதாகவும் ஒரு புரளி. மக்களுக்குப் புத்தியில்லை என்று அதிகாரிகள் சலித்துக்கொள்வார்கள். நீங்கள் வாயை மூடினால் நாசாதான் பேசும், ஐயா!

டெல்லியும் சும்மா இருக்கவில்லை. பிரதமர் விமான ஜன்னல் வழியாகச் சென்னையைப் பார்க்கும் படத்தைப் பத்திரிகைத் தகவல் அலுவலகம் ட்விட்டரில் போட்டது. ஜன்னலுக்குள் தெரிந்த வெள்ளம் வெட்டி ஒட்டியது. கையும் களவுமாகப் பிடிபட்டதும் நீக்கினார்கள். மூழ்கும் தெருவுக்கு நேரத்தில் சேதி சொல்ல ஆளில்லாத நாட்டில், வெள்ளத்தை ஜன்னலில் ஒட்ட மட்டும் ஆள் இருந்தது. இங்கேயோ, யாரோ கொண்டுவந்த அரிசி மூட்டையை மறித்து, அன்றைய முதல்வர் ‘அம்மா’வின் ஸ்டிக்கரை ஒட்டினார்கள்.

வாட்ஸ்அப் என்றால் என்னவென்று அரசுக்குத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். வெள்ளம் வடிந்த பிறகு அந்த முதல்வரின் குரலே அதில் வந்தது. எனக்கென்று தனி வாழ்க்கை இல்லை, மக்களுக்காகவே வாழ்கிறேன் என்று உருகியது. அதே குரல் 1ஆம் தேதி மாலை, போன்கள் செத்துப்போவதற்கு முன்பு, “ஆற்றோரம் இருப்பவர்கள் உடனே மேட்டுக்குப் போங்கள்” என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். பத்து விநாடி ஆகியிருக்குமா?

2018இல் இந்த வெள்ளத்தைப் பற்றிய தணிக்கைத் துறையின் அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது. மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றது. எந்த மனிதர்கள் என்று காட்ட ஒரு ஸ்டிக்கர்கூட மிச்சமில்லை.