எக்ஸ்பி அண்ணன்

முகூர்த்த மாதம் நெருங்கிவிட்டால் காஞ்சிபுரத்தில் மூன்று பேரைப் பிடிப்பது குதிரைக்கொம்பு: கோர்வைச் சேலை நெய்யத் தெரிந்த தறிக்காரர், பாவு பிணைக்கிறவர், எக்ஸ்பி அண்ணன். முதல் இருவரைப் பிள்ளையார்பாளையத்தில் நாலு தெரு சுற்றினால் பிடித்துவிடலாம். மூன்றாமவர் எங்கே இருக்கிறார் என்பது அவர் வீட்டுக்காரம்மாவுக்கே தெரியாது. ஏதாவது ஒரு பட்டுக்கடையின் பின்கட்டில் மேசைக்கடியே தலையை விட்டுக்கொண்டு கிடப்பார். வெளியே தெரிவது ஒரு ஜோடி ரப்பர் செருப்பு மட்டும்.

அண்ணன் என்றால் ஒரே ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். இது ஒரு இனம். அடோபி கம்பெனி 2001-இல் ஏழாம் பதிப்பை வெளியிட்டதோடு கைகழுவிய பேஜ்மேக்கரை இன்னமும் ஓட்டிக்கொண்டிருக்கும் அச்சகங்களுக்கும் இப்படி ஓர் அண்ணன் உண்டு. அவர் இல்லாவிட்டால் பாதிக் கல்யாணப் பத்திரிகைகளில் மாப்பிள்ளையின் பெயர் கட்டம் கட்டமாகத்தான் வரும். ஆனாலும் காஞ்சிபுரத்து அண்ணன் தனி ரகம். ‘கம்ப்யூட்டர் சர்வீஸ்’ என்று அவரை அழைத்தால் முகம் சுளிப்பார். புதுசு போட்டுத்தரப் பையன்கள் ஊரில் ஏராளம். புதுசாகிப்போனதைத் திரும்பப் பழசாக்குவதுதான் அண்ணனின் தொழில்.

இந்தத் தொழிலுக்கு ஊரில் ஏன் இவ்வளவு கிராக்கி என்றால், காரணம் மயில். பார்டரில் வரிசையாக நடந்து போகிறதே, அந்த மயில். அது சேலைக்கு வருவது தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டி வழியாக. பெட்டியில் அட்டைகள் மாலையாகக் கோத்துத் தொங்கும். அட்டையில் ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே போகும், கொக்கி எழும்பும், பாவு இழை மேலே வரும். ஓட்டை இல்லாத இடத்தில் இழை கீழேயே கிடக்கும். ஒரு ஊடைக்கு ஓர் அட்டை. பிரான்சில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804-இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. ஓட்டை உண்டு, இல்லை என்ற இந்த இரண்டே பதிலை வைத்துத்தான் பின்னால் கம்ப்யூட்டருக்கும் அட்டை போட்டார்கள். அந்த வகையில் தறி கம்ப்யூட்டருக்குப் பெரியப்பா முறை. பெரியப்பா இருநூறு வருஷமாக ஒரு அப்டேட்டும் கேட்டதில்லை என்பதை அண்ணன் அடிக்கடி சுட்டிக்காட்டுவார்.

முன்பெல்லாம் கிராப் தாளில் மயிலைக் கட்டம் கட்டமாக வரைந்து, பார்த்துப் பார்த்து அட்டை அடித்தார்கள். இப்போது டிசைன் போடுபவர் கம்ப்யூட்டரில் வரைகிறார். அந்த மென்பொருளை முதலாளி அந்தக் காலத்தில் பெரிய தொகை கொடுத்து வாங்கியிருப்பார். விற்ற கம்பெனி இன்று இருக்கிறதா என்பது சந்தேகம். கூடவே ஒரு டாங்கிள் கொடுத்திருப்பார்கள். கட்டைவிரல் அளவு சாமான். அது சொருகியிருந்தால்தான் மென்பொருள் திறக்கும். அந்த டாங்கிளை அடையாளம் காட்டும் டிரைவர் எழுதப்பட்டது விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில். புது 64 பிட் விண்டோஸோ முறையான கையெழுத்து இல்லாத டிரைவரை வாசற்படி ஏற விடாது. டாங்கிள் சொருகியிருக்கும், விளக்கும் எரியும், ஆனாலும் திரையில் ‘கீ நாட் ஃபவுண்ட்’ என்று வரும். முதலாளிக்கு வயிறு கலங்கும். மயில் உள்ளே மாட்டிக்கொண்டது.

அப்போதுதான் அண்ணனுக்கு போன் போகும்.

“தம்பி, ராத்திரி நல்லாத்தான் மூடிட்டுப் போனேன். காலையில வந்து பார்த்தா வேற என்னமோ வந்து நிக்குது.”

“எதையாவது அமுக்குனீங்களா முதலாளி?”

“நான் ஒண்ணையும் அமுக்கல. அது பாட்டுக்குக் கேட்டுக்கினே இருந்துச்சு. வேணாம்னு எக்ஸைத்தான் அமுக்கினேன்.”

இந்த இடத்தில் அண்ணன் சிரிப்பார். முதலாளி சொல்வது பொய்யல்ல என்று அவருக்குத் தெரியும். விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலை 29-இல். ஒரு வருஷம் இலவசம் என்றார்கள். 2016 மே மாதத்தில் அந்த அழைப்புப் பெட்டியை எக்ஸ் போட்டு மூடினால், மாற்றிக்கொள்ள நாள் குறித்தாகிவிட்டது என்று மைக்ரோசாப்ட் எடுத்துக்கொண்டது. வேண்டாம் என்று தலையாட்டியவருக்கு நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது. கலிபோர்னியாவில் டிராவல் ஏஜென்சி நடத்திய ஓர் அம்மா, கேட்காமல் வந்த விண்டோஸ் 10 தன் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டது என்று கோர்ட்டுக்குப் போய் 10,000 டாலர் வாங்கினார். அண்ணன் இந்தக் கதையைச் சொல்லும் தோரணையைக் கேட்டால், அந்த அம்மா பக்கத்து ஓரிக்கையில்தான் குடியிருக்கிறார் என்று தோன்றும்.

அண்ணனின் பை பார்க்க வேண்டிய சாமான். பட்டுக்கடையில் கொடுக்கும் கட்டைப்பைதான். உள்ளே சேலைக்குப் பதில் பழைய உலகம். உருண்டை முனை வைத்த கீபோர்டு ஒன்று கட்டாயம் இருக்கும். அதைப் பார்த்துக் கடைப்பையன்கள் கேலி செய்வார்கள். விண்டோஸ் 7 தட்டில் யுஎஸ்பி 3 டிரைவர் கிடையாது என்பதும், புது மதர்போர்டில் அதைப் போடத் தொடங்கினால் பாதி வழியில் மவுஸும் கீபோர்டும் செத்துப்போகும் என்பதும் அந்தப் பையன்களுக்குத் தெரியாது. ‘நெக்ஸ்ட்’ என்று திரை காத்திருக்கும், அமுக்க வழியிருக்காது. அண்ணன் பேசாமல் உருண்டை முனையைச் சொருகி என்டர் தட்டுவார். கேலி செய்த பையன் அதோடு டீ வாங்கப் போய்விடுவான்.

எக்ஸ்பி போடுவது இன்னும் விசேஷம். பயாஸுக்குள் போய் ஹார்டு டிஸ்க்கை ஏஹெச்சிஐ-யிலிருந்து ஐடிஇ-க்கு மாற்ற வேண்டும். மறந்தால் நீலத்திரை, கடைசியில் 7பி என்று முடியும் ஓர் எண். அந்த எண்ணை அண்ணன் பேரப்பிள்ளையின் ஜாதக ராசி மாதிரி மனப்பாடமாகச் சொல்வார். மாற்றியாகிவிட்டால் பிறகு வேலையே இல்லை. ‘இன்னும் சுமார் 39 நிமிடம்’ என்று திரை சொல்லும். அது எந்தக் கடிகாரத்தின் நிமிடம் என்று இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம் என்பார்கள். அது குழித்தறி மிதிக்கிறவரைப் பற்றிய சொல். முதுகொடிய உழைக்கிறவர் அவர். சொல்லுக்குச் சொல் உண்மையாகக் காலாட்டிப் பிழைப்பவர் ஊரிலேயே இந்த 39 நிமிடத்து அண்ணன் ஒருவர்தான்.

காலாட்டும் நேரத்தில்தான் அவருடைய தத்துவம் வெளிப்படும். அப்கிரேடு ஆன மெஷினில் பழைய விண்டோஸ் உடனே அழிந்துவிடுவதில்லை. ‘விண்டோஸ் ஓல்டு’ என்ற பெட்டிக்குள் கிடக்கும். அமைப்புகளுக்குள் போய்ப் பழையபடி ஆக்கு என்றால் எழுந்து வந்துவிடும். ஆனால் கெடு உண்டு. முதலில் ஒரு மாதம் கொடுத்தார்கள். 2016 ஆகஸ்டில் பத்து நாளாகக் குறைத்தார்கள்.

“பத்து நாளு! நம்ம ஊர்ல பழைய பெருமாளைத் தூக்கியா போட்டாங்க? அனந்தசரஸ் குளத்துல பத்திரமா வெச்சாங்க. 79-ல எடுத்தாங்க, 2019-ல எடுத்தாங்க. நாப்பது வருஷம் கழிச்சும் அப்படியே வந்தாரா இல்லையா? பேக்கப்புனா அது பேக்கப்பு.”

அத்தி வரதரை இந்தக் கணக்கில் சேர்ப்பது சரியா என்று வரதராஜர் கோயில் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் 2019-இல் அவர் வெளியே இருந்த 48 நாளும் ஊரில் நின்ற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அண்ணனை மறுத்துப் பேச வாய் வராது.

பச்சை மேடும் நீல வானமும் திரையில் வந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். சார்லஸ் ஓ’ரியர் 1996-இல் கலிபோர்னியாவில் ஒரு சாலையோரத்தில் எடுத்த புகைப்படம் அது. காஞ்சிபுரத்தில் அதைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்ளும் முதலாளிகள் உண்டு. அடுத்து டிரைவர், அடுத்து டாங்கிள், அடுத்து மென்பொருள். மயில் கழுத்தை நீட்டும். அண்ணன் உடனே நெட் கேபிளைப் பிடுங்கிச் சுருட்டி முதலாளி கையில் கொடுப்பார். “இதுக்கு இனிமே நெட்டு கூடாது. பில்லுக்கு வேற மெஷின் வெச்சுக்குங்க.”

அங்கேதான் அவர் வெறும் பழமைவாதி இல்லை என்று எனக்குத் தெரிந்தது. எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் பாதுகாப்பு கொடுப்பதை 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நிறுத்தியதும், 2017-இல் வான்னாக்ரை என்ற கணினிப் புழு வந்தபோது செத்த எக்ஸ்பிக்கும் சேர்த்து அவசர மருந்து கொடுத்ததும் அவருக்கு அத்துப்படி. பெரிய இடங்களைப் பற்றிய வம்பும் கைவசம் உண்டு. ஏடிஎம்களிலிருந்து எக்ஸ்பியை எடுங்கள் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கெடு வைத்துச் சுற்றறிக்கை விட்டதே 2018 ஜூனில்தான். “பேங்குக்கே நாலு வருஷம் ஆச்சு, நம்ம முதலாளி என்ன பண்ணுவார்?” என்பார்.

இவ்வளவு பேசுகிறவர் கையில் இருப்பது புத்தம்புது போன். அதில் அப்டேட் வந்தால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் எழுந்து போட்டுக்கொள்வார். கேட்டால், “இதுலயா நான் சம்பாதிக்கிறேன்? இது விளையாட்டு சாமான். பொழைப்பு நடக்குற மெஷின்ல கைய வைக்கக் கூடாது” என்பார். உலகத்திலுள்ள மென்பொருள் கம்பெனிகள் எல்லாம் கூடிப் பேசியும் பிடிபடாத வித்தியாசம் இது. கம்பெனிக்கு மெஷின் இருப்பது விண்டோஸ் ஓட; அண்ணனுக்கு மெஷின் இருப்பது மயில் நடக்க.

குறை இல்லாமல் இல்லை. கரண்ட் போனாலும் அப்டேட்டைத்தான் திட்டுவார். அவர் கையிலிருக்கும் தட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்பது ஊரில் நாகரிகமாகக் கருதப்படுவதில்லை. நாளைக்கு வருகிறேன் என்றால் அது எந்த நாளை என்று உறுதி கிடையாது.

இப்போது ஒரு வேடிக்கை நடக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கும் காலம் முடிந்துவிட்டது. பதினொன்றுக்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், ஓரளவு புதிய பிராசசர் வேண்டும். பழைய மெஷினை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ஏறிப் பார்த்துவிட்டு ஒத்துவராமல் “பத்தையே போட்டுக் குடுங்க” என்று வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஒரு காலத்தில் எந்தப் பத்தைத் திட்டித் தீர்த்தாரோ, அதே பத்தின் தட்டு இன்று அண்ணன் பையில் எக்ஸ்பிக்குப் பக்கத்திலேயே மரியாதையாக இருக்கிறது. “பத்து நல்ல சாமான் முதலாளி, அந்தக் காலத்து உழைப்பு” என்று சொல்கிறார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

ஆகவே பட்டுக்கடை முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. ராத்திரியோடு ராத்திரியாக உங்கள் மெஷின் புதுசாகிவிட்டால் முதல் வேலையாக டிசைன் கோப்புகளைப் பென்டிரைவில் ஏற்றுங்கள். டாங்கிளைப் பிடுங்கிப் பூட்டி வையுங்கள். பார்மட் அடிக்கிறேன் என்று வரும் பையனை உள்ளே விடாதீர்கள். பத்து நாள் கெடுவை அறுபது நாள் வரை நீட்ட ஒரு கட்டளை இருக்கிறது, அது அண்ணனுக்குத் தெரியும். ஆனால் கெடு முடிவதற்குள் அடித்தால்தான் பலிக்கும். அதனால் ஒன்பதாம் நாள் வரை காத்திருக்காமல் முதல் நாளே போன் போடுங்கள். அவர் வந்து சேரவே ஒரு வாரம் ஆகும்.