மிதிச்சா வருதா, விட்டா வருதா?

தொப்பூரில் வண்டிச் சத்தத்துக்கு வைத்தியம் சொல்லத் தெரியாத ஆளைப் பார்த்தால், அவர் வெளியூர்க்காரர் என்று தயங்காமல் சொல்லிவிடலாம். ஸ்ரீநகரில் புறப்பட்டு கன்னியாகுமரிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44, தருமபுரியைத் தாண்டி சேலத்துக்கு இறங்குவது எங்கள் ஊர்க் கணவாய் வழியாகத்தான். மேட்டூர்ச் சாலை பிரிவதும் இங்கேதான். வடக்கே எந்த ஊரில் லோடு ஏற்றிய லாரியாக இருந்தாலும் இங்கே வந்து முக்கி முனகிவிட்டு, பிரேக் கருகிய வாடையை எங்களுக்கு விட்டுவிட்டுத்தான் போகும். டீக்கடை பெஞ்சை விட்டு எழாமலே, “மூணாவது கியர்ல இறக்குறான், வளைவுக்குள்ள ரெண்டுக்கு வந்துருவான் பாரு” என்று சொல்லும் பெரியவர்கள் ஊரில் ஏராளம். அவர்களில் பாதிப் பேரிடம் லைசென்ஸ் கிடையாது.

இப்படிப்பட்ட ஊரில் என் குவாலிஸின் கிளட்ச் சத்தம் போட ஆரம்பித்தது. 2000-இல் இந்தியச் சந்தைக்கு வந்து 2005-இல் விடைபெற்ற வண்டி அது. தயாரிப்பை நிறுத்திவிட்டாலும், காதுகுத்துக்குப் பதினைந்து பேரை ஏற்றிப் போவதை எங்கள் சொந்தக்காரர்கள் நிறுத்தவில்லை.

முதலில் சத்தமே இல்லை, ஒழுக்குதான் இருந்தது. கிளட்ச் பெடல் மிதித்தால் மிதித்த இடத்திலேயே படுத்துக்கொண்டது. மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர் இரண்டையும் மாற்றச் சொன்னார். பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளுவது மாஸ்டர். அந்த ஆயில் குழாய் வழியாக வந்து கியர் பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவைத் தள்ளும். ஸ்லேவ் ஒரு ஃபோர்க்கைத் தள்ள, ஃபோர்க் ஒரு பேரிங்கைத் தள்ள, அந்த ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டை அழுத்தி இன்ஜினையும் கியர் பாக்ஸையும் பிரித்துவைக்கும். வாஷர் தேய்ந்து ஆயில் கசிந்தால் இந்த வரிசையில் கடைசி ஆளுக்குத் தகவல் போய்ச் சேராது, கியர் மாறாது. சமவெளியில் இது தலைவலி. எங்கள் கணவாயில் இது ஆபத்து. லோ கியருக்கு வர முடியாத வண்டி முழு இறக்கத்தையும் பிரேக்கை நம்பியே இறங்க வேண்டும். பிரேக் சூடேறினால் பிடிக்காது. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கி இங்கே கவிழ்ந்த வண்டிகளை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம். அதனால் மறுபேச்சு பேசாமல் இரண்டையும் மாற்றச் சொன்னேன்.

மாற்றியதும் ஏர் எடுக்க வேண்டும். ஆயில் போகும் வழியில் ஒரு குமிழ் காற்று இருந்தாலும் பெடல் பஞ்சாகிவிடும். ஒருவர் வண்டிக்குள் உட்கார்ந்து மிதிக்க, இன்னொருவர் கீழே படுத்து நிப்பிளைத் திறந்து மூடுவார். உள்ளே நான், கீழே மெக்கானிக். “மிதிங்கண்ணா! பிடிங்க! விடாதீங்க! இப்ப விடுங்க! மறுபடி மிதிங்க!” என்று அவர் போட்ட சத்தத்தில், பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் விலக்கிவிட ஓடி வந்தார். வந்தவர் கையோடு, “பெயிண்ட் மேல பிரேக் ஆயில் படாம பாத்துக்குங்க, உரிச்சிரும்” என்று ஓர் இலவச ஆலோசனையும் தந்தார். அது உண்மைதான்.

வேலை முடிந்தது. பெடல் ஜம்மென்று நின்றது. வண்டியை எடுத்தால், கீழேயிருந்து ‘சர்ர்ர்’ என்று ஒரு சத்தம். அதுவரை கேட்டிராத சத்தம்.

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க மருத்துவக் குழு கூடிவிட்டது. “கியர் பாக்ஸ் போச்சு, இறக்கிர வேண்டியதுதான்” என்றார் லாரி ஓட்டி ஓய்வுபெற்ற சித்தப்பா. மச்சானோ, “உனக்கு டூப்ளிகேட் சாமானை மாட்டி விட்டுட்டாங்க மாப்ளே” என்று, மாட்டியவருக்கு எதிரிலேயே சொன்னான். எதிர்வீட்டுத் தம்பி போனில் வீடியோ ஒன்றைப் போட்டு என் காதருகே வைத்து, “இந்தச் சத்தமாண்ணா?” என்று கேட்டான். அது டிராக்டர். அம்மா மட்டும் எந்த ஆராய்ச்சியும் செய்யாமல் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, சனிக்கிழமை முத்தம்பட்டி ஆஞ்சநேயருக்கு வெற்றிலை மாலை நேர்ந்துகொண்டார். செலவு குறைந்த வைத்தியம் அதுதான்.

இத்தனை பேரில் சத்தம் எப்போது வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டவர் மெக்கானிக் ஒருவர்தான். “அண்ணா, மிதிச்சா வருதா, விட்டா வருதா?”

பிறகு ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார். இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை மிதித்தார். சத்தமில்லை. அப்போது கீச்சென்றிருந்தால் பெடல் புஷ்ஷோ, கிரீஸ் காய்ந்த ஃபோர்க்கோ காரணம். இன்ஜினை ஓடவிட்டு, நியூட்ரலில் காலை எடுத்தார். சத்தமில்லை. அந்த நிலையில் கியர் பாக்ஸின் உள்தண்டு இன்ஜினோடு சேர்ந்து சுற்றும். அதன் பேரிங் கெட்டிருந்தால் அப்போது இரைந்து, கிளட்சை மிதித்ததும் அடங்கும். சித்தப்பாவின் தீர்ப்பு அங்கேயே தள்ளுபடி ஆனது. அடுத்து, புது மாஸ்டரின் புஷ் ராடில் கொஞ்சம் பிளே இருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பார்த்தார். பிளே இல்லாமல் மாட்டினால் பேரிங் நாள் முழுக்க அழுந்திக்கொண்டே இருக்கும். அதுவும் சரியாக இருந்தது. கடைசியில் பெடலை மெல்ல மிதித்தார். ‘சர்ர்ர்’. “ரிலீஸ் பேரிங்ண்ணா.”

“நேத்து வரைக்கும் வராத சத்தம், புதுச் சாமான் போட்டதும் ஏன் வருது?” என்று மச்சான் மடக்கினான். விஷயமே அதில்தான் இருக்கிறது. கசிந்துகொண்டிருந்த பழைய சிலிண்டர் பாதி தூரம்தான் தள்ளியது. பேரிங்குக்கு முழு வேலை வரவே இல்லை. புது சிலிண்டர் முழுசாகத் தள்ளியதும் பேரிங் முழுப் பாரத்தையும் தாங்க வேண்டியதாயிற்று. புதிதாக வந்த தாசில்தார் எல்லா ஃபைலையும் கேட்டால், தூங்கிக்கொண்டிருந்த பழைய கிளார்க் முனகத்தானே செய்வார்? முனகலுக்குத் தாசில்தார் மேல் புகார் எழுதி என்ன பயன்?

கியர் பாக்ஸ் கடைசியில் இறங்கத்தான் செய்தது. பேரிங் அதற்கு முன்னால் ஒளிந்திருக்கிறது. “நான் அப்பவே சொன்னேன்” என்று சித்தப்பா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். இறக்கும் கூலி ஒன்றுதான் என்பதால் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றிவிட்டோம். கழற்றிய பேரிங்கைக் கையில் வைத்துச் சுற்றினால் உள்ளே மணல் இருப்பதுபோல் கரகரத்தது. சேலம் பக்கமிருந்து ஏறும்போது லாரிகளுக்குப் பின்னால் ஆஃப் கிளட்சில் ஊர்ந்தால் அதுதான் கதி. ஓட்டும்போது கிளட்ச் பெடல் மேலேயே காலை வைத்து இளைப்பாறுகிறவர்களின் வண்டியில் சமவெளியிலும் அதே கதி.

ஆகவே, உங்கள் வண்டியில் புதுச் சத்தம் கேட்டால் ஊரைக் கூட்டுவதற்கு முன் மூன்றே மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: இன்ஜின் ஓடும்போது மட்டுமா, ஓடாதபோதுமா? பெடலை மிதித்தாலா, விட்டாலா? கியரிலா, நியூட்ரலிலா? பட்டறைக்குப் போய் “ஏதோ சத்தம் வருது” என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த ‘ஏதோ’வுக்கும் சேர்த்துத்தான் பில் வரும்.