வருங்கால அனிமேட்டர்

வருங்கால அனிமேட்டர் பெரும்பாலும் கணக்கு நோட்டின் ஓரத்தில்தான் உருவாகிறார். எட்டாம் வகுப்பில், நோட்டின் வலது கீழ் மூலையில் பக்கத்துக்கு ஒன்றாகக் குச்சி மனிதனை வரைந்து வைத்திருப்பார். கட்டைவிரலால் பக்கங்களை விசிறிவிட்டால் அவன் ஓடிப்போய்க் கிணற்றில் குதிப்பான். நோட்டு வகுப்பெல்லாம் சுற்றிக் கடைசியில் கணக்கு ஆசிரியரின் கைக்குப் போகும். அவரும் ஒருமுறை விசிறிப் பார்த்துவிட்டுத்தான் அடிப்பார். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் ரெக்கார்டு நோட்டுகளில் பாதி வகுப்புக்கு இதயத்தின் நீள்வெட்டுத் தோற்றம் வரைந்து கொடுப்பவரும் இவரே. அந்த இதயங்களுக்கு மற்றவர்கள் மதிப்பெண் வாங்கிக்கொள்ள, இவரை இன்ஜினீயரிங்கில் சேர்த்துவிடுவார்கள்.

இப்போது இருபதுகளில் இருக்கும் தமிழ்நாட்டுத் தலைமுறைக்கு இந்த ஆசையை ஊட்டியதில் 2007இல் தொடங்கிய சுட்டி டிவிக்குப் பங்கு உண்டு. ஜாக்கி சானும் டோராவும் அதில் சரளமாகத் தமிழ் பேசினார்கள். மற்ற பிள்ளைகள் பார்த்துவிட்டு எழுந்து விளையாடப் போனார்கள். இவர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

தியேட்டரில் இவரை அடையாளம் காண்பது சுலபம். எல்லோரும் கண்ணீர் விடும் காட்சியில் “ஹேர் சிமுலேஷன் சரியில்லை” என்று முணுமுணுப்பவர் இவர். ‘நான் ஈ’ படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் முகம் மலரும். ‘கோச்சடையான்’ என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். 2014இல் வந்த அந்தப் படத்தில், நடிகரின் அசைவைப் பதிவு செய்யும் மோஷன் கேப்சர் எந்தெந்த இடத்தில் கோட்டைவிட்டது என்பதைப் படத்தின் நீளத்துக்கே விளக்குவார். அதுவரை தாம் அந்தக் குச்சி மனிதனைத் தவிர எதையும் அசைய வைத்ததில்லை என்பது இந்த விமர்சனத்துக்கு ஒருபோதும் இடைஞ்சலாக இருந்ததில்லை.

இவரிடம் கட்டாயம் ஒரு காவியம் இருக்கும். மூன்று பாகம். சோழர் காலத்தில் தொடங்கிக் கடலில் மூழ்கிய குமரிக்கண்டத்துக்குப் போகும். நடுவில் பேசும் புலி ஒன்று வரும். வில்லனின் வாளுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது, கதாநாயகனுக்குத்தான் இன்னும் வைக்கவில்லை. மூன்றாம் பாகத்தின் கடைசிக் காட்சியும், விருது வாங்கும்போது பேச வேண்டிய உரையும் தயார். முதல் பாகத்தின் முதல் காட்சிக்கு மட்டும் உட்கார நேரம் கிடைக்கவில்லை. சினிமாவுக்கு நொடிக்கு 24 சட்டகம். ஒன்றரை மணி நேரப் படத்துக்கு 1,29,600 சட்டகங்கள். ஒரே படத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தும் சிக்கன முறையில் போனால்கூட 64,800 படங்கள் வேண்டும். இந்தக் கணக்கை யாராவது போட்டுக் காட்டினால், “அதுக்குத்தான் டீம் இருக்குமே” என்பார்.

வீட்டில் இந்தத் துறை பற்றிய தெளிவு குறைவு. “கார்ட்டூன் வரையறதுக்கெல்லாம் மாசச் சம்பளம் குடுக்கறாங்களாடா?” என்பது அப்பாவின் கேள்வி. அதற்குப் பதிலாக ‘லைஃப் ஆஃப் பை’ படத்தை எடுத்துச் சொல்வார்: பாண்டிச்சேரியில் ஆரம்பிக்கிற கதை, புலியைப் பெரும்பாலும் கம்ப்யூட்டரிலேயே செய்தார்கள், 2013இல் ஆஸ்கர் வாங்கியது. அத்தனையும் உண்மை. புலியைச் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் விருது வாங்கிய அதே பிப்ரவரி மாதத்தில்தான் திவால் மனு கொடுத்தது என்பதும் அவருக்குத் தெரியும். அதை மட்டும் அப்பாவிடம் சொல்ல மாட்டார். உறவினர்களுக்கோ கம்ப்யூட்டரில் படம் செய்பவர் என்றால் எல்லாமே செய்வார். காதுகுத்து பிளெக்ஸ், வாட்ஸ்அப்பில் அனுப்ப அசையும் கல்யாணப் பத்திரிகை, குடும்பப் போட்டோவில் காலமான தாத்தாவைப் பாட்டி பக்கத்தில் உட்கார வைப்பது என்று வேலைகள் வந்துகொண்டே இருக்கும். கூலி கேட்கக் கூடாது. சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

பயிற்சி நிலையம் பெரும்பாலும் ஏதாவதொரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும். படிக்கட்டுச் சுவரில் நெருப்பு கக்கும் டிராகன். அதை நம்பி ஏறிப்போகிறவருக்கு முதல் பாடமாகக் கொடுக்கப்படுவது ஒரு பந்து. டிஸ்னியின் மூத்த கலைஞர்களான ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் எழுதிய புத்தகத்தில் அனிமேஷனின் 12 கோட்பாடுகளைத் தொகுத்தார்கள். அதில் முதலாவது, நசுங்குவதும் நீள்வதும். பந்து மேலே போகப் போகத் தயங்க வேண்டும், ஆகவே உச்சியில் படங்கள் நெருங்கி நிற்கும். இறங்க இறங்க இடைவெளி அகலும். தரையைத் தொடுமுன் கொஞ்சம் நீண்டு, தொட்டதும் நசுங்க வேண்டும். ஆனால் பருமன் குறைந்துவிடக் கூடாது. பார்த்த மாத்திரத்தில் ரப்பர் பந்தா இரும்புக் குண்டா என்று தெரிய வேண்டும். வருங்கால அனிமேட்டரின் முதல் பந்து தரையில் விழுந்ததும் இட்லி மாதிரி உட்கார்ந்துவிடும். “இதெல்லாம் பேசிக், அப்புறம் பார்த்துக்கலாம்” என்று டிராகனுக்குத் தாவிவிடுவார்.

இத்துறையில் யார் நிற்பார், யார் போவார் என்பது அநேகமாக அந்தப் பந்திலேயே தெரிந்துவிடுகிறது. மூன்றாம் வாரத்திலும் பந்தையே திருத்திக்கொண்டிருக்கும் ஒரு பெண் எல்லா வகுப்பிலும் உண்டு. அதிகம் பேச மாட்டாள், காவியமும் கிடையாது. இங்கே விவரிக்கப்படும் வகையில் அவள் சேர மாட்டாள்.

டிராகனைச் செய்து முடித்தால் ரெண்டர் போட வேண்டும், அதாவது ஒவ்வொரு சட்டகத்தையும் கம்ப்யூட்டர் முழுப் படமாக்கித் தர வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு சட்டகத்துக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால், ஒரு நொடிப் படத்துக்கு நான்கு மணி நேரம். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கிவிடுவார். விடியற்காலையில் தேங்காய்ச் சட்னிக்காக அம்மா அந்த பிளக்கைப் பிடுங்கி மிக்ஸியைச் சொருகுவார்.

படிப்பின் முடிவில், வேலை கேட்டு அனுப்ப டெமோ ரீல் தயாராகும். நீளம் ஒரு நிமிடம். அதில் முதல் பத்து நொடி இவர் பெயர் தங்க எழுத்தில் சுழலும். பின்னணியில் உலகம் அழியும்போது போட வேண்டிய இசை. பிறகு ஒரு பாத்திரம் நடக்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அதே பாத்திரம் மற்றவர்களின் ரீல்களிலும் அதே சட்டையோடு நடந்துகொண்டிருப்பதால், ஸ்டூடியோவில் ஆளெடுப்பவருக்கு அவன் பழைய நண்பன். டிராகன் வருவதற்குள் அவர் அடுத்த ரீலைத் திறந்துவிடுவார்.

கடைசியில் வேலை கிடைக்கிறது, ரோட்டோ பிரிவில். திரையில் நிற்கும் நடிகரைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க, அவர் உருவத்தைச் சுற்றிச் சட்டகம் சட்டகமாகக் கோடு போடும் வேலை இது. மாக்ஸ் ஃபிளைஷர் என்ற அமெரிக்கர் 1915இல் ரோட்டோஸ்கோப்புக்குக் காப்புரிமை கேட்டபோது, மனிதனின் அசைவைப் பார்த்து வரைந்து கோமாளிப் பொம்மைக்கு உயிர் கொடுப்பதே நோக்கம். இன்று அதே பெயரில் சென்னையிலும் ஹைதராபாத்திலும் இரவு ஷிப்டில் நடப்பது கத்தரிக்கும் வேலை. வெளிநாட்டு நடிகையின் தலைமுடி காற்றில் பறந்தால் இங்கே ஒருவருக்கு ஒரு வாரம் போயிற்று. அந்த நடிகைக்குக் காதருகே எத்தனை முடி நிற்கும் என்பது அவருடைய கணவரைவிட இவருக்குத் துல்லியமாகத் தெரியும். அந்தப் படத்தின் கதை என்னவென்று மட்டும் தெரியாது. கொடுத்தது நாற்பது சட்டகம்தான்.

ரோட்டோவில் தேறியவர்கள் அடுத்து கம்பி அழிக்கும் பிரிவுக்குப் போகலாம். சண்டைக் காட்சியில் கதாநாயகனைத் தூக்கிப் பிடிக்கும் கம்பிகளை நீக்கி, அந்த இடத்தில் வானத்தை நிரப்ப வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் குடும்பத்தோடு முதல் தடவையாகத் “தன் படத்துக்கு”ப் போவார். படம் முடிந்து எல்லோரும் பைக் எடுக்க ஓட, இந்தக் குடும்பம் மட்டும் உட்கார்ந்திருக்கும். பெயர்கள் ஓடும். பல படங்களில் ஸ்டூடியோவின் பெயர் வரும், வேலை செய்தவர் பெயர் வராது. “எதுடா நீ பண்ணினது?” என்று அம்மா கேட்பார். ஹீரோ மாடியிலிருந்து பறந்து வரும் இடத்தை இவர் நினைவூட்டுவார். “பறக்க வெச்சது நீயா?” அது கம்பி, அவரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள் என்பார். கம்பி எதுவும் தெரியவில்லையே என்று அப்பா சொல்ல, “அதான்ப்பா நான் பண்ணினது” என்பார். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, வண்டி டோக்கன் யாரிடம் இருக்கிறது என்று கேட்பார்.