கண்டிச் சீமையின் கூத்தும் உறக்கமும்

இசைநாடகம் என்பது, இரண்டு வாக்கியத்தில் பேசித் தீர்க்கக்கூடிய விவகாரத்தைப் பாத்திரங்கள் இரண்டு மணி நேரம் பாடியும் தீர்க்காமல் விடும் கலை என்று வரையறுக்கப்படலாம். லண்டனில் 1986இல் மேடையேறிய 'ஃபேன்டம் ஆஃப் த ஒபரா'வும் இந்த வரையறைக்குள் அடங்கும். கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களில் மாசி மாதம் நடக்கும் காமன் கூத்தும் அடங்கும். முன்னதில் ஒரு சரவிளக்கு விழுவதைக் காண்பதற்குப் பெருந்தொகை செலுத்தவேண்டும். பின்னதில் ஒரு தெய்வமே எரிவதை இலவசமாகக் காணலாம், இடையில் யாரேனும் பிளேன்டியும் தருவார்கள். ஆயினும் இரண்டையும் பிரிக்கும் உண்மையான கோடு செலவு அன்று, பார்வையாளருக்கு உறங்கும் உரிமை உண்டா என்பதே. நாடக ஆய்வு நூல்கள் இப்பொருளை ஏனோ கண்டுகொள்வதில்லை.

கோப்பிக் காலந்தொட்டுத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் தம்முடன் கொண்டுவந்த கூத்துகளுள் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய மூன்றும் மலையகத்தில் ஊன்றி நின்றவை. மாசி அமாவாசைக்குப் பின் கம்பம் நட்டு, அதாவது காமனைக் குறிக்கும் கழியை ஊன்றி, வளர்பிறை முழுவதும் ஆடிப் பாடி, இறுதியில் சிவனின் நெற்றிக்கண் பட்டுக் காமன் எரிவதோடு காமன் கூத்து உச்சம் கொள்கிறது. சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதனை ரதி போகவேண்டாம் என்கிறாள், அவன் போவேன் என்கிறான். கதையின் நடுப்பகுதி இவ்வளவுதான் என்றாலும், அவள் காரணம் காட்டிப் பாட, அவன் மறுத்துப் பாட, இருவரும் தத்தம் குலப்பெருமையை எடுத்துரைத்துப் பாட, நள்ளிரவு தாண்டியும் மன்மதன் புறப்பட்டபாடில்லை. உலகின் எந்தக் கணவனும் வீட்டை விட்டு இறங்க இத்தனை அடிகள் பாடியதில்லை எனலாம்.

இந்த நீளத்தில்தான் உறங்குவோருக்கான ஏற்பாடு அமைந்திருக்கிறது. களத்துக்கு வரும் ஒவ்வொரு பாத்திரமும் வரவுப்பாட்டு என்னும் அறிமுகப் பாட்டில் தன் பெயர், ஊர், வந்த நோக்கம் ஆகியவற்றைத் தானே அறிவிக்க, பின்னால் நிற்போர் அதையே திரும்பப் பாடுவதால், கண்ணயர்ந்து விழித்தவருக்கு அண்டை அயலாரைக் கேட்கவேண்டிய அவசியம் எழுவதில்லை. பனியில் தப்பு என்னும் பறையின் தோல் தொய்ந்துவிடும்போது, வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி, அந்த அனலில் தப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, சுருதி ஏறியதும் மீண்டும் அடிக்கத் தொடங்குவார்கள்; மற்ற நாடகங்களில் இடைவேளையை அமைப்பாளர் தீர்மானிக்க, இங்கே அதைத் தீர்மானிப்பது மலைப்பனி. கம்பளிக்குள் சுருண்டிருக்கும் பிள்ளைகளைப் பாட்டிமார் எல்லாக் காட்சிக்கும் எழுப்புவதில்லை. வீரபத்திரன் ஆவேசத்தோடு வரும்போதும், காமன் எரியும்போதும் மட்டும் உலுக்கி எழுப்பி, முடிந்ததும் படுக்கவைத்துவிடுவார்கள். இதைவிடச் சிறந்த நாடக விமர்சனம் அச்சில் வந்ததில்லை. மறுநாள் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, நேரத்துக்குப் போகாவிட்டால் அரைப்பேரோடு, அதாவது அரைநாள் கூலியோடு, திரும்ப நேரும் என்பதால், இந்த உறக்கத்துக்குப் பொருளாதார முக்கியத்துவமும் உண்டு.

உறங்குவோரின் உரிமைக்குப் பேராபத்து கண்டி நகருக்கு மிக அருகில், பேராதனையில் நேர்ந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்பின் விடிய விடிய ஆடும் கூத்துகளை எடுத்து, ஆட்டத்தையும் பாட்டையும் காத்து, திரும்பத் திரும்ப வருவனவற்றைக் களைந்து, நாற்புறமும் பார்வையாளர் சூழ்ந்திருக்கும் வட்டக்களரியிலிருந்து ஒரு புறம் மட்டும் திறந்த மேடைக்கு அவற்றை ஏற்றினார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' போன்ற அந்தத் தயாரிப்புகள் ஈழத்துத் தமிழ் அரங்குக்குப் புதிய முதுகெலும்பைத் தந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு முழு இரவு ஓரிரு மணி நேரமாகச் சுருங்கியபின், ஐந்து நிமிடம் கண்ணை மூடியவருக்கு ஒரு தளபதியும், பத்து நிமிடம் மூடியவருக்கு ஓர் இராச்சியமும் பறிபோயின. விழித்தே இருக்கவேண்டிய கூத்து தமிழருக்கு அறிமுகமானது அப்போதுதான்.

அதே பேராதனையில், தமிழ்க் கூத்தின் வழிவந்த சிங்கள நாடகம மரபைக்கொண்டு 'மனமே' (1956), 'சிங்கபாகு' (1961) ஆகியவற்றைப் படைத்த எதிரிவீர சரச்சந்திரவின் பெயரைத் தாங்கிய திறந்தவெளி அரங்கு இருக்கிறது. அங்கே உறக்கம் வேறு காரணத்தால் சாத்தியமற்றது: பிடிக்காத காட்சிக்குக் கூக்குரலிட்டுத் தீர்ப்பளிப்பதில் மாணவர் கூட்டத்துக்குப் பெயருண்டு. தோட்டத்தில் சலிப்படைந்தவர் கண்ணை மூடிக்கொள்கிறார், பல்கலைக்கழகத்தில் சலிப்படைந்தவர் வாயைத் திறக்கிறார். கல்வியின் பயன் எதில் கூடுதலாகத் தெரிகிறது என்பதை வாசகர் முடிவுக்கு விடலாம்.

இப்போது தோட்டங்களுக்கும் ஒலிபெருக்கி வந்துவிட்டது. ரதியின் ஒப்பாரி எதிர் மலை லயங்கள்வரை, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகள்வரை, கேட்பதால், கூத்துக்கு வராதவர்களும் உறங்கமுடிவதில்லை. வந்தவர்களோ கைப்பேசியில் பதிவுசெய்வதற்காக விழித்திருக்கிறார்கள். தக்கன் தன் பெருமையைப் பாடி முடிப்பதற்குள் பேட்டரி இறங்கிவிடுவதால், காமன் எரியும் காட்சியைப் பெரும்பாலும் வெறுங்கண்ணால் காணும் நிலைக்குத் தள்ளப்படுகிறார்கள். எரிந்த காமன் பின்னர் உயிர்த்தெழும் காட்சிக்கோ கூட்டம் குறைவு. உயிர்பெற்ற மன்மதன் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான் என்பது புராணம் விதித்த நிபந்தனையாதலால், அன்று லயத்தில் இழுத்துப் போர்த்திப் படுத்திருப்பவர் எதையும் தவறவிட்டதாகச் சாஸ்திரப்படி சொல்ல இடமில்லை.