பூனை மீதான குற்றச்சாட்டுகளும் சாட்சிகளின் யோக்கியதையும்
நயினார்கோவில் களஆய்வை முன்வைத்து

கதை உலகில் நரிக்குக்கூட மன்னிப்பு உண்டு. அது ஏமாற்றினால் கேட்பவர்கள் சிரித்துக்கொண்டே, "கெட்டிக்காரப் பயல்" என்பார்கள். பூனை அதே காரியத்தைச் செய்தால் துரோகம். இந்தப் பாரபட்சம் இதுவரை முறையாக ஆராயப்படவில்லை என்பதால் இக்கட்டுரையாளர் அந்தப் பொறுப்பை ஏற்றிருக்கிறார், யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆய்வுக் களம் பரமக்குடிப் பக்கத்து நயினார்கோவில். காரணம் இருக்கிறது. இங்கே குடிகொண்டிருப்பவர் நாகநாதசுவாமி, உடன் சௌந்தர்யநாயகி. கொத்தினால் ஆளை முடித்துவிடுகிற பாம்பின் பேரில் சாமியை வைத்துக் கும்பிடுகிற ஊரில், அதிகம் போனால் ஒரு மீன் துண்டைத் தூக்குகிற பூனைக்கு ஏன் கல்லெறி? ஆய்வின் கருதுகோள் இதிலிருந்துதான் பிறந்தது.

முதல் குற்றச்சாட்டு போலித் துறவு. பஞ்சதந்திரத்தில் முயலுக்கும் கௌதாரிக்கும் பொந்துத் தகராறு. தீர்ப்புக்கு ஆற்றங்கரைத் தவசியான பூனையிடம் போகிறார்கள். காது சரியாகக் கேட்கவில்லை, கிட்டே வாருங்கள் என்கிறது பூனை. போனார்கள், வழக்கு முடிந்தது. மகாபாரதத்து உத்தியோக பருவத்திலும் கங்கைக்கரையில் கையை உயர்த்தித் தவமிருந்து எலிகளைத் தின்ற பூனை ஒன்று வருகிறது. ஆனால் அந்தக் கதையைச் சொல்லி அனுப்புபவன் யார்? துரியோதனன். உலூகனைத் தூது விட்டு, நீயும் அந்தப் பூனை மாதிரிதான் என்று தருமனை ஏசுவதற்காகச் சொன்ன கதை அது. தருமனைப் பற்றி அவன் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. பூனையைப் பற்றிச் சொன்னதை மட்டும் எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

சான்றாக மாமல்லபுரத்தைக் காட்டுவார்கள். அர்ச்சுனன் தபசா, பகீரதன் தபசா என்று அறிஞர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிற அந்தப் பாறையில் பூனை ஒன்று பின்னங்காலில் நின்று கைகளைத் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். பல்லவச் சிற்பியின் நையாண்டி என்பது பொதுவான கருத்து. இருக்கலாம். ஆயினும் ஏழாம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை அந்தப் பூனை ஒரு எலியையும் தொடவில்லை. சுமார் 1300 ஆண்டு நன்னடத்தைக்கு எந்தச் சிறையிலும் விடுதலை கிடைத்திருக்கும்.

பால் திருட்டு வழக்கைச் சுருக்கமாக முடித்துவிடலாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை சரியாகச் செரிக்காது, குடித்தால் வயிற்றைக் கலக்கும். இனிப்பை நாவால் உணரும் திறனும் பூனைக்கு இல்லை. ஆக, பால்கோவா காணாமல் போன வீடுகளில் விசாரணையை வேறு திசையில் நடத்துவது நல்லது. தெனாலிராமன் கதையில் கொதிக்கும் பாலை வைத்து நாக்கைச் சுட்டது மனிதன், சுடுபட்டது பூனை. அதற்குப் பிறகும் நாம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது கவனிக்கத்தக்கது.

கோழி விஷயத்தில்தான் சாட்சியம் கனமானது. சாட்சி ஒக்கூர் மாசாத்தியார்; சிவகங்கைச் சீமை ஒக்கூர்தான் அவர் ஊர் என்று அப்பக்கத்தார் உரிமை கொண்டாடுகிறார்கள், நமக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. குறுந்தொகை 139இல் அவர் காட்டுவது ஒரு மாலைப்பொழுது. வேலியோரம் வெருகு என்னும் காட்டுப்பூனை வந்துவிட, குட்டைக்கால் பெட்டைக்கோழி பதறிக் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. கோழி வளர்த்த வீட்டில் இருந்தவருக்குத்தான் அந்தப் பதற்றம் தெரியும். இது கண்ணால் கண்ட சாட்சி, தள்ள முடியாது.

ஆனால் இதே மாசாத்தியார் குறுந்தொகை 220இல் என்ன செய்கிறார்? வரகுத் தாள்களின் பக்கத்தில் முல்லை பூத்திருக்கிறது. அந்தப் பூவைப் பார்த்ததும் அவருக்கு நினைவு வருவது காட்டுப்பூனையின் சிரிப்பு. காத்திருக்கிற பெண்ணின் கார்காலத்துக்கு, முல்லைக்கு, கற்புக்கு, உவமை வெருகின் பல்! கோழிக்குஞ்சைக் கவ்வுகிற அதே பல். ஒரே புலவர், ஒரே விலங்கு. ஒரு பாட்டில் எமன், இன்னொன்றில் மலர். லூயிஸ் கரோல் என்ற ஆங்கிலேயர் 1865இல் 'ஆலிஸ்' கதையில் சிரிக்கும் பூனையை நுழைத்து உலகப் புகழ் பெற்றார். நம் பக்கத்து வெருகு அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சிரித்து முடித்து வேலி தாண்டிவிட்டது. மதுரைக் கண்ணனாரோ இன்னும் ஒரு படி மேலே. காதலனோடு இருந்தவளை விடியலில் கூவி எழுப்பிய சேவலைக் குட்டிவெருகுக்கு இரையாகப் போ என்று அவர் பாட்டில் அவள் சபிக்கிறாள். அங்கே பூனை நீதி வழங்கும் அதிகாரி.

விதிவிலக்குகள் இத்துடன் நிற்கவில்லை. கம்பர் அவையடக்கத்தில் தன்னையே பூனை என்கிறார்: பாற்கடலை முழுவதும் நக்கிக் குடிக்கக் கரைக்கு வந்த பூனை. சிங்கம் என்றோ யானை என்றோ சொல்லியிருக்கலாம், ஒருவரும் தடுத்திருக்கமாட்டார்கள். தென்கலை வைணவர்கள் ஆண்டவனையே தாய்ப்பூனையாக்கினார்கள். குட்டி எதுவும் செய்ய வேண்டாம், தாய் கவ்விக்கொண்டு போகும். அதுதான் மார்ஜார நியாயம். பாரதி 'முரசு' பாட்டில் வெள்ளைப் பூனை ஈன்ற பல நிறக் குட்டிகளைக் காட்டிச் சாதிக்கு எதிராக வாதாடினார். அந்தக் குட்டிகளில் ஒன்று பாம்பு நிறம் என்பதை நாகநாதர் ஊரில் இருந்துகொண்டு குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

இவர்கள் மூவரும் பூனையைக் குட்டியோடோ ஆசையோடோ பார்த்தவர்கள். குற்றம் சாட்டியவர்கள் பார்த்ததெல்லாம் அது சும்மா உட்கார்ந்திருப்பதை. அசையாமல் இருப்பதுதான் அதன் உண்மையான குற்றம் என்பது இக்கட்டுரையாளரின் முடிபு. நாய் வாலை ஆட்டித் தன் எண்ணத்தை நமக்கு அறிக்கையாகச் சமர்ப்பிக்கிறது, பூனை சமர்ப்பிப்பதில்லை. கோவில் குளத்துப் படியில் பெரியவர் ஒருவர் கண்மூடி உட்கார்ந்திருந்தார். நாலு படி தள்ளிப் பூனையும் அப்படியே. போகிறவர்கள் பெரியவரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்கள். பூனையைப் பார்த்து, "என்ன திட்டம் போடுதோ" என்றார்கள். பெரியவரின் திட்டம் பற்றி யாரும் கேட்கவில்லை.

குறுக்கே போனால் காரியம் கெடும் என்பதும் தெருவுக்குத் தெரு மாறுகிறது. நபித்தோழர் ஒருவருக்குப் பூனைக்குட்டியின் தகப்பன் என்றே பட்டப்பெயர், அபூ ஹுரைரா. அதனால் இந்தக் கடற்கரை மாவட்டத்து முஸ்லிம் வீடுகளில் பூனை சகஜமாக நடமாடும். வாய் பேசாத இஸ்லாமியப் பெண்ணுக்கு இந்தச் சந்நிதியில் பேச்சு வந்தது என்பது நயினார்கோவில் தலத்துக் கதை. இரு சமயத்தாரும் வருகிற கோவில். ஆகவே ஒரே பூனை ஒரு வாசலில் சகுனத்தடையாகவும் அடுத்த வாசலில் விருந்தாளியாகவும், நடையைக்கூட மாற்றிக்கொள்ளாமல், ஒரே காலைப்பொழுதில் இருந்துவிடுகிறது.

எஞ்சியிருப்பது மீன். காலையில் மீன்காரர் வண்டி ஹாரன் கேட்டதும் தவம் கலைந்து பூனைகள் தெருமுனைக்கு ஓடுகின்றன என்பதை நேர்மையாகப் பதிவு செய்கிறோம். "என்ன தாயி, சாளையா சூடையா?" என்று அவர் கேட்பது எதிரே நிற்கும் அக்காவிடமா, காலடியில் நிற்பதிடமா என்பது தெளிவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வண்டியில் மீன் குறைந்து, விலை ஏறி, தலையும் வாலும்கூடக் குழம்புக்குப் போய்விடும். மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது. பூனைகளின் குணத்தை அந்த நாட்களில் மதிப்பிட்டு முடிவு கட்டுவது ஆய்வு அறமாகாது என்பதால், அடுத்த கட்டக் களப்பணி ஜூன் 15க்குப் பிறகே தொடங்கும்.