வேற்றுக்கிரகவாசி நமக்கு என்ன வேண்டும்?

வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர்கள் ஏன் இந்த இழு இழுக்கின்றன என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. கிராஃபிக்ஸுக்குக் காசு பத்தவில்லை என்பது ஒன்று. அடுத்த சீசனுக்குச் சரக்கு மிச்சம் வைக்க வேண்டும் என்பது மற்றது. இரண்டுமே கணக்குப்பிள்ளை சொல்லும் விளக்கங்கள். காசைத் தண்ணீராக இறைத்த தொடர்களிலும் விண்கலம் பாதித் தொடர் வரை மேகத்துக்குள்ளேயே பதுங்கிக் கிடக்கிறது. ஆகவே நோயின் வேர் கல்லாப்பெட்டியில் இல்லை. அது உறவுமுறையில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு. வந்து இறங்கியவர் யாருக்கு என்ன வேண்டும் என்பது தெரியாத வரை, அவரை வைத்துக் கோபப்படவோ, தாங்கவோ, பந்தியில் உட்காரவைக்கவோ முடியாது. எதுவும் செய்ய முடியாத கதாபாத்திரங்கள் வானத்தைப் பார்க்கிறார்கள். அவர்கள் வானத்தைப் பார்ப்பதை நாம் பார்க்கிறோம். இந்நிலையை இனி ‘முறையறியாத் தேக்கம்’ என்று குறிப்போம்.

இக்கருதுகோளைச் சோதிக்க ஹாலிவுட் தகுந்த களமன்று. அங்கே பக்கத்து வீட்டுக்காரரையே யாரென்று தெரியாது. தகுந்த களம், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். (ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் கதைசொல்லலைப் பால்கோவா கிண்டுவதோடு ஒப்பிட ஆய்வாளரின் கை துறுதுறுக்கும். இக்கட்டுரை அந்தச் சபலத்துக்கு இடம் கொடாது.) இந்தப் பாதையில் ஓடும் பேருந்தில் முன்பின் அறியாத இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால், நடத்துநர் சீட்டுக் கிழிக்கும் முன்பே விசாரணை தொடங்கிவிடும். “எந்த ஊருக்காரவுக? யாரு வீட்டுக்கு வந்திருக்கீக?” ராஜபாளையத்து ராஜுக்கள் என்றால் பழையபாளையமா, புதுப்பாளையமா, சிங்கராஜா கோட்டையா என்று அடுத்த கேள்வி வரும். அரை மணி நேரப் பயணம் முடிவதற்குள் ஒருவரின் மதினிக்கு மற்றவர் ஏதோ ஒருவகையில் ஒட்டு என்று நிறுவப்பட்டிருக்கும். எந்த வழியிலும் ஒட்டவில்லையென்றால், இறுதிப் புகலிடமாக ‘அண்ணாச்சி’ இருக்கவே இருக்கிறது. தொல்லியல் சான்றோ மரபணுச் சோதனையோ கேட்காமல் யாரையும் உடன்பிறந்தாராக்கும் இந்த ஏற்பாட்டின் வேகத்தை எந்தத் திரைக்கதை ஆசிரியரும் இதுவரை எட்டவில்லை. விதிவிலக்கு ராஜபாளையம் நாய். 2005இல் அஞ்சல்தலையில் இடம்பிடித்த இந்த வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட பிராணி, வீட்டாளா வேற்றாளா என்பதை ஒரே மூச்சில் முடிவு செய்துவிடும். வெளிநாட்டுத் தொடர்களில் முதல் பகுதியில் நாய் குரைக்கும். மூன்றாம் பகுதியில்தான் யாராவது கதவைத் திறப்பார்கள். ராஜபாளையத்தில் நாய் விடாமல் குரைத்தால் தெருவே வெளியே வந்து நிற்கும். கதைக்கு இரண்டு பகுதி மிச்சம்.

களத்தில் கண்ட விதி திரையிலும் செல்லுபடியாகிறதா? 1963இல் அமெரிக்காவில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘மை ஃபேவரிட் மார்ஷியன்’ தொடரில் செவ்வாய்க்கிரகத்திலிருந்து வந்து விழுந்தவரை ஒரு பத்திரிகையாளர் வீட்டுக்குக் கூட்டிவருகிறார். கேட்பவர்களிடம் என்ன சொல்கிறார்? “எங்க மாமா” என்கிறார். தீர்ந்தது. முதல் பகுதியிலேயே உறவு நிலைபெற்றுவிட, அதன்பின் மூன்று சீசன் கதை தன்போக்கில் ஓடியது. 1996 முதல் 2001 வரை வந்த ‘தேர்ட் ராக் ஃப்ரம் தி சன்’ இதைவிடத் தெளிவான சான்று. அதில் பூமியை ஆராய வந்த நால்வர் தங்களை ஒரு குடும்பமாகவே காட்டிக்கொள்கிறார்கள். நால்வரில் வயதில் மூத்தவர் பள்ளிக்கூடம் போகும் மகனாக நடிக்க வேண்டிய கொடுமை வேறு. நகைச்சுவைத் தொடர்கள் என்பதால் இவற்றை ஆய்வுலகம் ஒதுக்கிவிடுகிறது. ஒதுக்குவது தவறு. மனிதர் நால்வர் கூடினால் என்ன நடக்கும் என்பதை நகைச்சுவை எழுதுபவர் அறிவியல் புனைவு எழுதுபவரைவிட நன்றாகவே அறிவார்.

எதிர்த்தரப்பின் சான்று 2021இல் ஆப்பிள் டிவியில் வந்த ‘இன்வேஷன்’. முதல் சீசன் பத்துப் பகுதி. ஒக்லஹோமாவில் ஓய்வுபெறப் போகும் ஷெரிஃப், ஆப்கானிஸ்தானில் அமெரிக்கச் சிப்பாய், ஜப்பானில் விண்வெளி மையத்துப் பெண், லண்டன் பள்ளிச் சிறுவர்கள் என்று உலகம் முழுக்கச் சுற்றும் அந்தத் தொடரின் முதல் சில பகுதிகளில், படையெடுத்து வந்தவர்கள் ஒழுங்காகக் கண்ணில் படுவதே அபூர்வம். ஆனாலும் ஓரிடத்தில் மட்டும் நாம் நிமிர்ந்து உட்காருகிறோம். நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்டில் அனீஷா என்ற பெண், தன் கணவருக்கு வேறொரு தொடுப்பு இருப்பதைக் கண்டுபிடிக்கிறார். அதே நாளில் வானத்திலிருந்து ஆபத்து இறங்குகிறது. அவர் கண்ணில் தெரிவது எந்தக் கோபம் என்று சொல்ல வேண்டியதில்லை. பல கோடி மைல் தாண்டி வந்த படை, வீட்டுக்குள் நடந்த துரோகத்துக்கு முன்னால் துணைப்பாத்திரமாகிவிடுகிறது. 1993இல் தொடங்கிய ‘தி எக்ஸ் ஃபைல்ஸ்’ கதையும் இதுதான். அதை இத்தனை ஆண்டு இழுத்துப் போனது பறக்கும் தட்டல்ல. நாயகன் மல்டரின் தங்கை சமந்தா எங்கே போனாள் என்ற கேள்வி. ஏழாம் சீசனில் அதற்கு விடை கிடைத்த பின் தொடர் பழைய பிடியோடு நின்றதாக அதன் அடியார்களே சொல்வதில்லை. போதாக்குறைக்கு, சிகரெட்டும் கையுமாகத் திரிந்த வில்லன்தான் மல்டரின் உண்மையான அப்பா என்று வேறு சொல்லிவிட்டார்கள். உறவை வைத்துப் பிழைக்கிறோம் என்பதை ஆசிரியர்களே ஒப்புக்கொண்ட இடம் அது.

இங்கே ஒரு தடை எழும்பும். உறவு இருந்தால் கதை ஓடும் என்றால், உறவைத் தவிர வேறொன்றுமில்லாத நம் நெடுந்தொடர்கள் ஏன் ஆமையாக நகர்கின்றன? 2002 முதல் 2005 வரை சன் டிவியில் ஓடிய ‘மெட்டி ஒலி’ எண்ணூறு பகுதிக்கு மேல் போனதே? இத்தடை மெதுவையும் தேக்கத்தையும் ஒன்றாக்கிக் குழப்புகிறது. ‘மெட்டி ஒலி’யில் ஒரு செய்தி வந்து விழுந்ததும் கேமரா ஒவ்வொரு முகமாகப் போகும், மேளச் சத்தத்தோடு ஒரு சுற்று வந்து முடிய ஐந்து நிமிடம் ஆகும் என்பது உண்மை. ஆனால் ஐந்து பெண்களைப் பெற்ற அப்பாவின் முகமும் மாமியாரின் முகமும் மாப்பிள்ளையின் முகமும் சொல்வது ஒன்றல்ல. ஒரே செய்தி ஒவ்வொருவர் தலையிலும் வேறு கனத்தோடு விழுகிறது. வேற்றுக்கிரகத் தொடரில் ஐந்து பேர் அண்ணாந்து பார்த்தால் ஐந்தும் ஒரே முகம். மெதுவாக நடப்பவர் ஊர் போய்ச் சேர்வார். நின்றுகொண்டிருப்பவருக்கு அந்தப் பேச்சே இல்லை.

இதைவிடக் கனமான தடை ஒன்று உண்டு. அந்நியத்தன்மைதானே வேற்றுக்கிரகவாசியின் அழகு? அவரை அண்ணாச்சியாக்கிவிட்டால் வியப்பு செத்துப்போகாதா? இதற்கான விடை ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது, அதுவும் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக. ஆடிப் பூரத்தன்று நந்தவனத்துத் துளசிச் செடியருகே ஒரு குழந்தை கிடைக்கிறது. எங்கிருந்து வந்தது, யார் பெற்றது, ஒன்றும் தெரியாது. இக்காலத் திரைக்கதைக் குழுவிடம் இதைக் கொடுத்தால் முதல் சீசன் முழுக்க அந்த நந்தவனத்தைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டி விசாரித்துக்கொண்டிருப்பார்கள். மரபு அப்படிச் செய்யவில்லை. பெரியாழ்வார் குழந்தையைத் தூக்கிக் கோதை என்று பேரிட்டு மகளாக்கிக்கொள்கிறார். தோற்றத்தின் புதிர் அத்தோடு மூடப்படுகிறது. கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது, அதுவும் தகப்பனுக்கு எட்டாத திசையில். மகள் அரங்கனைத் தவிர வேறு மாப்பிள்ளை வேண்டாம் என்கிறாள். எட்டாத தொலைவில் இருப்பவரை மணாளனாக வரித்ததால் தொலைவு குறைந்ததா என்றால், இல்லை. அப்போதுதான் அது வலிக்கவே ஆரம்பித்தது. முறை இல்லாதவரின் தூரம் வெறும் கிலோமீட்டர்தான். உறவு வந்தால் வியப்புச் சாகும் என்பார், திருமண வீட்டில் பெண்ணைப் பெற்றவரின் முகத்தைக் கவனித்ததில்லை. இந்தக் கதைக்கு முடிவு எல்லாருக்கும் தெரியும், இருந்தும் ஆண்டுதோறும் ஓடுகிறது. ஆண்டாளாகிவிட்ட அந்தக் கோதை சூடிய மாலை புரட்டாசியில் திருப்பதிக்குப் போகிறது, சித்திரையில் மதுரை கள்ளழகருக்குப் போகிறது. ஆடித் தேருக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து பட்டு வருகிறது. சம்பந்தி வீடுகளுக்குள் நடக்கும் சீர் இதற்கு மேல் என்ன? இழுவை என்று இதுவரை யாரும் முறையிட்டதாகத் தெரியவில்லை.

மூன்றாவது தடையாக 2024இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த ‘3 பாடி ப்ராப்ளம்’ முன்வைக்கப்படலாம். அதில் வருகிறவர்கள் பூமியை எட்ட 400 ஆண்டு ஆகும்; எட்டுப் பகுதியில் அவர்கள் வந்து சேரவே இல்லை, ஆனாலும் ஆட்கள் கண்கொட்டாமல் பார்த்தார்களே? பார்த்தார்கள். ஆனால் தொடர் எங்கே ஆரம்பிக்கிறது? 1966இல், பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில், கூட்டத்துக்கு நடுவே தகப்பனை அடித்துக் கொல்வதை மகள் நின்று பார்க்கும் காட்சியில். அந்த மகள்தான் பின்னாளில் வேற்றுலகத்தாருக்கு வரச்சொல்லித் தகவல் அனுப்புகிறார். சொந்தபந்தம் சரியில்லை என்று வெளியாளைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைப்பது நம் வட்டாரத்திலும் நடப்பதுதான். பஞ்சாயத்துக்கு வருகிறவர் இங்கே 400 ஆண்டு எடுத்துக்கொள்வதில்லை என்பது ஒன்றே வித்தியாசம். ஆக இத்தடை நம் கருதுகோளை உடைக்கவில்லை, தாங்கிப் பிடிக்கிறது. தமிழ் சினிமா இதைச் சீக்கிரமே கண்டுகொண்டது. 1963இல் வந்த ‘கலை அரசி’யில் அயல்கிரகத்தார் பானுமதியைத் தூக்கிப் போவது பாட்டுக் கற்றுக்கொள்ள. வாத்தியாரம்மா என்ற முறை ஏற்பட்டுவிட்டதால், அங்கே மீட்கப் போகும் எம்.ஜி.ஆருக்கும் வேலை தெளிவாக இருந்தது.

எனினும் இக்கொள்கையைக் கைக்கொள்ளும் தொடர் தயாரிப்பாளருக்கு ஓர் எச்சரிக்கை தேவை. அண்ணாச்சி என்பதோடு நிறுத்திக்கொள்வது நலம். கதை விறுவிறுப்பாகப் போகிறதே என்ற தைரியத்தில் வந்தவரை மாப்பிள்ளையாக்கிவிட்டால் சிக்கல் ஆடியில் தொடங்கும். தலை ஆடிக்குப் பெண்ணை அழைத்துவர வேண்டும், மாப்பிள்ளைக்குச் சீர் வைக்க வேண்டும். அவர் கிரகம் தன் சூரியனைச் சுற்றிவர எத்தனை நாளாகிறதோ, அங்கே ஆடி எப்போது பிறக்கிறதோ யார் கண்டது. விருதுநகர் மாவட்டத்துப் பஞ்சாங்கப்படி அழைத்தால் அவருக்கு அது மார்கழியாக இருக்கலாம். அவர் கணக்குப்படி அழைத்தால் மாமனார் 400 ஆண்டு காத்திருக்க நேரலாம். எந்தக் கிரகத்துப் பஞ்சாங்கம் செல்லும் என்று இரு வீட்டாரும் கூடிப் பேச உட்காரும் காட்சி மட்டும், முகம் முகமாகக் கேமரா சுற்றி முடிய, நாற்பது பகுதிக்குக் குறையாது.